ஆர்லிங்டனில் 14 நீதிபதிகள்: அப்பாவோடு போய் வந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கென்னடி கல்லறையில் எரியும் தீபத்தையும் காவலர் மாறும் சடங்கையும் பார்க்கப் போகிறவர்களுக்கான விமர்சனம் இல்லை. அதற்கு நெட்டில் ஆயிரம் கிடைக்கும். வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் 14 பேர் அடக்கமாகியிருக்கிறார்கள், அதில் 4 பேர் தலைமை நீதிபதிகள். அவர்களை மட்டும் தேடிப் போனால் எப்படி இருக்கும், வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா, முட்டி தாங்குமா, இதெல்லாம்தான் இங்கே.

போனதற்குக் காரணம் அப்பா. தஞ்சாவூர் கோர்ட்டில் 38 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர், ரிட்டயர் ஆகி இத்தனை நாள் ஆன பிறகும் காலையில் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஏதோ பத்தரைக்கு பெஞ்ச் உட்காரப் போகிற மாதிரி. எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்தார். நயாகரா வேண்டாம், மியூசியம் வேண்டாம், விண்வெளி ராக்கெட் வேண்டாம். "இந்த ஊர் சுப்ரீம் கோர்ட்டைக் காட்டும்மா" என்றார். காட்டினேன். தூண்களைப் பார்த்தார், படிகளைப் பார்த்தார், அப்புறம் கேட்டார்: "பழைய ஜட்ஜுங்க எல்லாம் இப்ப எங்கம்மா இருக்காங்க?" நம்மூரில் பெரும்பாலும் எரித்துச் சாம்பலைக் கரைத்துவிடுகிறோம், ஆளை நினைக்க வேண்டுமென்றால் கோர்ட் சுவரில் மாட்டிய படம்தான். இங்கே புதைக்கிறவர்கள் ஆயிற்றே, இடம் இருக்கும் அல்லவா என்பது அவர் கணக்கு.

முதல் முயற்சி பாழ். ஒரு தனியார் வேன் சுற்றுலாவில் டிக்கெட் போட்டேன், பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் தகுதியில்லை. ஆர்லிங்டனில் 40 நிமிஷம் கொடுத்தார்கள். கென்னடி, பெயர் தெரியாத வீரரின் கல்லறை, திரும்பி வேன். நீதிபதிகள் யாராவது இங்கே இருக்கிறார்களா என்று வழிகாட்டியிடம் கேட்டால், ராணுவத்தார் மட்டும்தான் என்று அடித்துச் சொன்னார். கென்னடி கல்லறைக்குப் பக்கத்துச் சரிவிலேயே பத்து நீதிபதிகள் இருக்கிறார்கள் என்பது வீட்டுக்கு வந்து தேடிய பிறகுதான் தெரிந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, "கேஸ் கட்டைப் படிக்காம கோர்ட்டுக்கு வந்த வக்கீல்" என்று மட்டும் முணுமுணுத்தார்.

ரெண்டாவது தடவை நாங்களே போனோம், ஜூன் மாதம், சனிக்கிழமை, மெட்ரோவில் நீலத் தடம். ஸ்டேஷன் பெயரே ஆர்லிங்டன் கல்லறைதான், இறங்கினால் ரெண்டு நிமிஷ நடை. உள்ளே போகக் கட்டணம் கிடையாது, காலை 8 மணியிலிருந்து மாலை 5 வரை. வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டை கையில் இருக்கட்டும், ஊரிலிருந்து வந்த பெற்றோருக்குப் பாஸ்போர்ட். தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள். சாப்பாட்டு மூட்டை வேண்டாம், அது இடுகாடு, பூங்கா இல்லை. கல்லறை நிர்வாகமே ஒரு செயலி வைத்திருக்கிறது, ஏஎன்சி எக்ஸ்ப்ளோரர் என்று, பெயரைத் தட்டினால் எந்த செக்‌ஷன், எந்தக் கல், எந்த வழி எல்லாம் காட்டுகிறது. இலவசம். இதை மட்டும் முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 4 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் அடங்கிய 639 ஏக்கரில் ஒரு ஆளைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

மெட்ரோவில் வரும்போது அந்த நிலத்தின் கதையைச் சொன்னேன், அதில்தான் அப்பாவுக்கு உயிரே வந்தது. இந்த இடம் முழுக்க ஜெனரல் ராபர்ட் லீயின் மனைவி மேரி லீ அனுபவித்துவந்த குடும்பச் சொத்து. உள்நாட்டுப் போரில் லீ தென் மாநிலங்களின் பக்கம் போய்விட்டார், நிலம் வட பக்கத்தின் கையில் சிக்கிக்கொண்டது. அரசாங்கம் சொத்து வரி போட்டது, 92 டாலர் 7 சென்ட். நடக்க முடியாத நோயாளியான மேரி லீ, உறவுக்காரர் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து அனுப்பினார். உரிமையாளர் நேரில் வந்து கட்டினால்தான் வாங்குவோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1864 ஜனவரியில் ஏலம், ஏலம் எடுத்ததும் அரசாங்கமேதான், 26,800 டாலருக்கு. அதே வருஷம் மே மாதம் முதல் பிணத்தைப் புதைத்தாயிற்று.

"இரு இரு. பணத்தைக் கொண்டுவந்து நீட்டினாங்க, இவன் வாங்கலை. அப்ப பாக்கின்னு எப்படி ஆகும்? ஏலமே செல்லாதேம்மா."

1882-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். லீயின் மூத்த மகன் தொடுத்த வழக்கு, சாமுவேல் மில்லர் எழுதிய தீர்ப்பு, சட்டத்துக்கு மேலே இந்த நாட்டில் யாரும் இல்லை என்கிற பொருளில் ஒரு வரி வரும், இன்றைக்கும் வக்கீல்கள் எடுத்து வீசுகிற வரி. நிலம் மகனுக்கே சொந்தம் என்றாகிவிட்டது. ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கான சோல்ஜர்களைப் புதைத்திருந்தார்கள், தோண்டி எடுக்கவா முடியும்? அடுத்த வருஷம் மகன் 1,50,000 டாலருக்கு அரசாங்கத்துக்கே விற்றுவிட்டார். அப்போது போர்த்துறை அமைச்சராக இருந்தவர் ராபர்ட் டாட் லிங்கன், ஆபிரகாம் லிங்கனின் மகன். அவரும் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். நீதிபதிகளைப் புதைத்த மண்ணே ஒரு காலத்தில் அவர்களுடைய கோர்ட்டில் வழக்காகி நின்ற மண் என்பதில் அப்பாவுக்கு அப்படி ஒரு திருப்தி, ஸ்டேஷன் வரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

சரி, செக்‌ஷன் 5. அந்தப் பத்து நீதிபதிகளும் இருக்கும் சரிவு இதுதான். வரவேற்பு மையத்திலிருந்து மெதுவாக நடந்தால் பதினைந்து நிமிஷம், லேசான ஏற்றம். முதலில் போனது ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் கல்லறைக்கு. 1902-லிருந்து 1932 வரை பதவியில் இருந்தவர், 90 வயதில்தான் இறங்கினார். அவர் கல்லில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? பெயருக்கு அடுத்து கேப்டன், பிரெவெட் கர்னல் (கௌரவமாகக் கொடுக்கிற கர்னல் பட்டம்), மாசசூசெட்ஸ் 20-ஆவது காலாட்படை, உள்நாட்டுப் போர். அதற்கும் கீழேதான் உச்ச நீதிமன்ற நீதிபதி. போரில் மூன்று தடவை குண்டடி பட்டவர். 30 வருஷம் நாட்டின் சட்டத்தையே எழுதிய மனிதர், கல்லில் முன்னால் நிற்பது இருபது வயதில் பார்த்த மூன்று வருஷ வேலை.

அப்பாவுக்கு இது புரிபட நேரம் ஆயிற்று. இது ராணுவக் கல்லறை, நீதிபதி என்பதற்காக மட்டும் இங்கே இடம் கிடைப்பதில்லை, பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு காலத்தில் படையில் இருந்தவர்கள், படையில் இல்லாத சிலருக்குத் தனி அனுமதி கொடுத்தார்கள் என்று விளக்கினேன். ஹோம்ஸுக்குப் பக்கத்திலேயே வில்லியம் டக்ளஸ். 36 வருஷம், இதுவரை யாரும் அத்தனை காலம் அந்த நாற்காலியில் இருந்ததில்லை. அவர் கல்லில் பிரைவேட், அமெரிக்க ராணுவம் என்று இருக்கிறது, அதாவது கடைசிப் படிச் சிப்பாய். அவர் 1918-ல் கல்லூரி மாணவர்களுக்கான ராணுவப் பயிற்சிப் பிரிவில் சில வாரங்கள்தான் இருந்தார், அதை வைத்து இங்கே இடம் பிடித்தது சரியா என்று பின்னால் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. "செத்தப்புறமும் ஆட்சேபணை மனுவா" என்றார் அப்பா.

ஹோம்ஸ் கல்லின் முன்னால்தான் அதிக நேரம் நின்றோம். நான் தொலைபேசியில் அவருடைய தீர்ப்புகளைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். தியேட்டரில் தீ தீ என்று பொய்யாகக் கத்துவதற்குப் பேச்சுரிமை கிடையாது என்று 1919-ல் எழுதியவர். தொழிலாளர் வேலை நேர வழக்கில் முதலாளிகள் பக்கம் போன பெரும்பான்மையை மறுத்து எழுதியவர். அப்புறம் 1927, பக் எதிர் பெல். வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண், வளர்த்த வீட்டாரின் உறவுக்காரப் பையன் கெடுத்ததில் குழந்தை உண்டானவள். அவளை மூளை வளர்ச்சி இல்லாதவள் என்று காப்பகத்தில் தள்ளி, இனி பிள்ளை பெறாதபடி அறுவை செய்ய மாநிலம் கேட்டது. செய்யலாம் என்று எட்டுக்கு ஒன்று. எழுதியவர் ஹோம்ஸ். மூன்று தலைமுறை மந்த புத்திக்காரர்கள் போதும் என்று ஒரு வரி எழுதினார், அந்த வரியை இந்த நாட்டில் சட்டம் படித்தவர் யாரும் மறக்கவில்லை.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. "அந்தப் பொண்ணு நெசமாவே அப்படியாம்மா?" என்றார். இல்லை, சாதாரணமாகப் பள்ளிக்கூடம் போன பெண், அவளுடைய மகளும் படிப்பில் நல்ல மதிப்பெண் வாங்கி ஆனர் பட்டியலில் பெயர் வந்த குழந்தை, எட்டு வயதில் இறந்துபோனது என்றேன். அவர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான்: கல் உங்களுக்கு எதுவும் சொல்லாது. பெயர், பதவி, தேதி, அவ்வளவுதான். எந்தத் தீர்ப்பும் எந்தக் கல்லிலும் இல்லை. நீங்கள் படித்துக்கொண்டு போனால் அந்தச் சரிவில் ஒரு நாள் முழுக்க உட்காரலாம், படிக்காமல் போனால் பத்துக் கல், பத்து நிமிஷம்.

கொஞ்சம் தள்ளி நாலு பேர் வரிசையாக இருக்கிறார்கள். பிரென்னன், ஸ்டூவர்ட், தர்குட் மார்ஷல், பிளாக்மன். பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் மறுத்து எழுதியவர்கள், இங்கேயும் அதே மாதிரி அக்கம்பக்கம். பாட்டர் ஸ்டூவர்ட் 1964-ல் ஆபாசப் பட வழக்கு ஒன்றில், ஆபாசம் என்றால் என்னவென்று எனக்கு விளக்கத் தெரியாது, ஆனால் பார்த்தால் தெரியும் என்று எழுதினார். அப்பா அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார், பக்கத்தில் ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது, நான் மன்னிப்பு கேட்டேன். "எங்க முன்சீப்பு ஒருத்தர் இப்படித்தான். காரணம் கேட்டா முழிப்பாரு, தீர்ப்பு மட்டும் சரியா இருக்கும்."

மார்ஷல் கல்லில் கூட்டம் இருக்கும், எதிர்பார்த்துப் போங்கள். அந்தக் கோர்ட்டின் முதல் கறுப்பின நீதிபதி, 1967-லிருந்து 1991 வரை. என்னைக் கேட்டால் அவர் நீதிபதியானதைவிட அதற்கு முன்னால் வக்கீலாக இருந்ததுதான் பெரிது. அதே உச்ச நீதிமன்றத்தில் 32 வழக்குகளை வாதாடி 29-ஐ ஜெயித்தவர், அதில் ஒன்று 1954-இன் பிரவுன் வழக்கு, வெள்ளைப் பிள்ளைக்கும் கறுப்புப் பிள்ளைக்கும் தனித்தனிப் பள்ளிக்கூடம் கூடாது என்று ஒன்பதுக்கு பூஜ்யம். குமாஸ்தா மனசு எங்கே போகும்? "இவருக்குக் கட்டுத் தூக்கினவன் பேரு எங்கயாவது இருக்கா?" என்று கேட்டார் அப்பா. இல்லை அப்பா, அது எங்கேயும் இருக்காது.

பிளாக்மனும் பர்கரும் தனிக் கதை. மினசோட்டாவில் ஒரே தெருப் பக்கம் வளர்ந்த சின்ன வயசுத் தோழர்கள், பர்கர் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனே பிளாக்மன்தான். பர்கர் 1969-ல் தலைமை நீதிபதி, அடுத்த வருஷம் பிளாக்மனும் வந்து சேர்ந்தார், மினசோட்டா இரட்டையர் என்று கேலி பேசினார்கள். அப்புறம் வருஷா வருஷம் விலகி விலகி, கடைசியில் பேச்சே குறைந்துபோயிற்று. இப்போது ரெண்டு பேரும் ஒரே செக்‌ஷனில், கூப்பிடு தூரத்தில். ரென்குவிஸ்ட்டும் அங்கேதான், அங்கியின் கைகளில் தங்கக் கோடு தைத்துப் போட்டுக்கொண்ட தலைமை நீதிபதி. 99 வயது வரை வாழ்ந்த ஸ்டீவன்ஸும் உண்டு. அவர்களை நாங்கள் ஒரு கும்பிடு போட்டுக் கடந்துவிட்டோம், வெயில் ஏறிவிட்டது.

ரூத் பேடர் கின்ஸ்பர்க் 2020 செப்டம்பரில் இறந்தவர், ராணுவத்தில் இருந்த கணவர் மார்ட்டினோடு ஒரே கல்லறை. கல்லின் மேல் சின்னச் சின்னக் கூழாங்கற்கள், அது யூதர்களின் வழக்கம், பூவுக்குப் பதில் கல் வைப்பார்கள். அவர் மறுத்து எழுதிய ஒரு தீர்ப்பைச் சொன்னேன். லில்லி லெட்பெட்டர் என்ற அம்மா, டயர் கம்பெனியில் ஆண்களைவிடக் குறைந்த சம்பளம் வாங்கியது பல வருஷம் கழித்துத்தான் அவருக்கே தெரிந்தது. 2007-ல் காலம் கடந்துவிட்டது என்று ஐந்துக்கு நாலில் வழக்கு தோற்றது. கின்ஸ்பர்க் தன் மறுப்பை பெஞ்சிலிருந்தே வாசித்து, இனி நாடாளுமன்றம் திருத்தட்டும் என்றார், 2009-ல் சட்டமே வந்தது. "லிமிட்டேஷன்ல போன கேஸுக்குச் சட்டம் வந்துச்சா!" அப்பா கீழே குனிந்து ஒரு கல் பொறுக்கப் பார்த்தார், அங்கே புல்வெளியில் கல் ஏது? வீட்டுக்குப் பக்கத்து ஓடையிலிருந்து ஒன்று எடுத்து வந்திருக்கலாம். போகிறவர்கள் எடுத்துப் போங்கள்.

மிச்சம் நாலு பேருக்கு நடக்க வேண்டும். வாரனும் கோல்ட்பெர்கும் மேலே செக்‌ஷன் 21-இல், பெயர் தெரியாத வீரரின் கல்லறை இருக்கும் பக்கம். காசு கொடுத்து ஏறுகிற டிராம் வண்டி ஒன்று ஓடுகிறது, பெரியவர்கள் இருந்தால் யோசிக்காமல் ஏறிவிடுங்கள், நாங்கள் யோசித்து நடந்தோம், அப்பாவின் முட்டி ரெண்டு நாள் பேசியது. தப்பு என்னுடையது. பிரவுன் வழக்கில் ஒன்பது பேரையும் ஒரே பக்கம் நிற்க வைத்த தலைமை நீதிபதி வாரன் மேலே, அதை ஜெயித்த வக்கீல் கீழே. டாஃப்டும் ஹ்யூகோ பிளாக்கும் செக்‌ஷன் 30-இல். ஜனாதிபதியாகவும் தலைமை நீதிபதியாகவும் இருந்த ஒரே ஆள் டாஃப்ட், அவருக்கு உயரமான கருங்கல் தூண். பிளாக் ஒரு காலத்தில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலில் இருந்தவர், பிரவுன் வழக்கில் கையெழுத்துப் போட்டவரும் அவரேதான். இது எதையும் நான் அப்பாவுக்கு விளக்கவில்லை, அவர் மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

மொத்தம் மூன்றரை மணி நேரம். செக்‌ஷன் 5 மட்டும் போதும் என்றால் ஒன்றரை மணி. மார்ச் கடைசி, ஏப்ரல், இல்லாவிட்டால் அக்டோபர் நல்லது.

ஆர்லிங்டனோடு முடியவில்லை. அடுத்த வாரம் வாஷிங்டனுக்குள்ளேயே ராக் கிரீக் கல்லறைக்குப் போனோம், ஜான் மார்ஷல் ஹார்லனுக்காக. 1896-ல் பிளெஸ்ஸி வழக்கில் தனித்தனிப் பெட்டியில் பயணம் செய்தாலும் சமத்துவம்தான் என்று மற்றவர்கள் எழுதியபோது, ஒற்றை ஆளாக மறுத்தவர். ஆர்லிங்டனின் கூட்டமும் ஒழுங்கும் அங்கே இல்லை, மரமும் நிழலும் சாய்ந்த கற்களுமாக ஒரு பழைய இடுகாடு, எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது. நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் வேறு யாரும் வரவில்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஆர்லிங்டனில் அவர் அதைச் செய்யவில்லை.

திரும்பி வரும்போது ஜேம்ஸ் வில்சன் கதையைச் சொன்னேன். ஜார்ஜ் வாஷிங்டன் நியமித்த முதல் நீதிபதிகளில் ஒருவர், நிலத்தில் பணத்தைப் போட்டுக் கடனில் மூழ்கி, பதவியில் இருக்கும்போதே கடனுக்காக ஜெயிலுக்குப் போய், கடன்காரர்களுக்குப் பயந்து வட கரோலினாவில் ஒளிந்திருந்து 1798-ல் அங்கேயே செத்தார். 1906-ல்தான் எலும்பைத் தோண்டி எடுத்துப் பிலடெல்பியாவில் மரியாதையாக அடக்கம் செய்தார்கள். "ஜட்ஜுக்கே வாரண்டா" என்று அப்பா வீடு வரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார், ராத்திரி ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடமும் சொன்னார்.

இந்த சனிக்கிழமைக்கு ரிச்மண்ட் போவதாகத் திட்டம், அங்கே ஷாக்கோ ஹில் கல்லறையில் ஜான் மார்ஷல் இருக்கிறார், 34 வருஷம் தலைமை நீதிபதி, அரசியல் சட்டத்துக்கு முரணான சட்டத்தைக் கோர்ட் செல்லாதென்று சொல்லலாம் என்ற 1803-இன் மார்பரி தீர்ப்பை எழுதியவர், பெரிய ஆள். வண்டிக்குப் பெட்ரோல்கூடப் போட்டுவிட்டேன். நேற்று காப்பி குடிக்கும்போது அப்பா கேட்டார், அந்தப் பொண்ணு கேரியை எங்கே புதைத்திருக்கிறார்கள் என்று. சார்லட்ஸ்வில்லில், இங்கிருந்து ரெண்டு, ரெண்டரை மணி நேரம், மகளும் அதே இடுகாட்டில்தான் என்றேன்.

"ஜட்ஜைப் பார்த்தாச்சு. கட்சிக்காரியைப் பார்த்துட்டு வந்துடலாம்மா, ரிச்மண்ட் அப்புறம் பார்த்துக்கலாம்."

ஓடையிலிருந்து ரெண்டு கல் எடுத்து வைத்திருக்கிறார்.